நிலவுக்குப் போகும் வழியில் ஒரு குளவிக் கூடு

முகம் தெரியும் படம் பத்திரிகையில் வந்து மானம் போனவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். முகமே தெரியாத படம் வந்து மானம் போனவன், நானறிந்த வரையில், மலையகத்தில் நான் ஒருவன்தான். அந்தப் படத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். நடுவில் நிற்பவன் நான். தலையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த மோட்டார் சைக்கிள் ஹெல்மட். முதுகில் தேயிலைக்கு மருந்தடிக்கும் டாங்கி. இடுப்பைச் சுற்றி வெள்ளித் தாள்.

அது விண்வெளி உடை. சொல்லிவிட்டேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம். ஏனென்றால் இது சிரிக்கவேண்டிய விஷயமே அல்ல.

நான் ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன். இந்தத் தொழிலில் சில செய்திகளைப் புதிதாக எழுத வேண்டியதே இல்லை. ‘குளவிக் கொட்டுக்கு இலக்கான பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி’ என்பது அவற்றில் ஒன்று. தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். (சில வேளை அதையும் மாற்ற வேண்டியிருக்காது.) ‘கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு திடீரெனக் கலைந்து’ என்று வரும். கூடு வேண்டுமானால் திடீரெனக் கலையலாம். ஆனால் அது திடீரென வந்து மரத்தில் உட்கார்ந்திருக்காது. அங்கே கூடு இருப்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். ‘முன்பே’ என்ற அந்தச் சொல்லை நான் எழுதாமல் விட்டதில்லை. ஆசிரியர் பீடம் அதை வெட்டாமல் விட்டதும் இல்லை.

அந்த வருடம் செய்தி என் சொந்த வீட்டுக்கே வந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் அம்மா கொழுந்தெடுக்கிறார். அங்கே கல்லுமலை என்று ஒரு மலை. பாறையை ஒட்டி நிற்கும் பெரிய சவுக்கு மரத்தில், கொழுந்துக் கூடை அளவில் ஒரு கூடு. அம்மாவோடு வேலை செய்யும் மரியாயி அக்காவை அது ஒருமுறை பதம் பார்த்துவிட்டது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. அவருடைய புருஷனே வாசலில் வைத்து, "யாரு வேணும்?" என்று கேட்டாராம்.

அதோடு பெண்கள் சொல்லிவிட்டார்கள்: கூட்டை எடுக்கிறவரை கல்லுமலைக்குப் போக மாட்டோம். காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடத்தில், தினமும் இதே சண்டை. மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா தினமும் இதே பதிலைச் சொன்னார்.

"ஆள் வருது. பாதுகாப்பு உடுப்புப் போட்ட ஆள். வெள்ளை உடுப்பு, தொப்பி, மருந்து டாங்கி எல்லாத்தோடயும் வருது."

"எப்பங்க?"

"வருது."

கல்லுமலைக்குப் போகாதவர்களுக்கு அரைப்பேர்தான். பாதிச் சம்பளத்தோடு வாரக்கணக்கில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இதைச் செய்தியாக எழுதினேன். வெள்ளை உடுப்பு வரப்போவதையும் எழுதினேன். உள்பக்கத்தில், இராசி பலனுக்குக் கீழே, ஒரு தீப்பெட்டி அளவில் போட்டிருந்தார்கள். அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல ஒரு நெத்திலியக்கூடச் சுத்த ஏலாது."

இந்த நேரத்தில்தான் என் சித்தி மகன் நிரோஷன் படம் எடுக்கப் போவதாக வந்து நின்றான். இளைஞர்களுக்கான குறும்படப் போட்டி ஒன்று. கையில் போன், கண்ணில் வெறி.

"அண்ணே, மலையகம்னா எல்லாரும் லயத்து வீட்டக் காட்டுறான், கூடையக் காட்டுறான், ஒழுகுற கூரையக் காட்டுறான். ஒழுகுறது நமக்குத் தெரியாதா? நாங்க வானத்தக் காட்டுவோம்."

"வானத்துல எத?"

"நிலாவுக்குப் போனாங்களே மூணு பேரு. போற வழியில ஒட்சிசன் டாங்கி வெடிச்சு, எறங்காமலே திரும்பி வந்தாங்களே, அது."

"அது அமெரிக்காக்காரன் கதையாச்சே."

"பாதி வழியில கோளாறாகி, இருக்கிறத வச்சு ஒட்டிக் கட்டி, எப்படியோ உசுரோட வீடு வந்து சேர்றது அமெரிக்காக்காரன் கதையா? நம்ம பஸ் கதைண்ணே."

நியாயமாகத்தான் இருந்தது. தகவல் சரிபார்க்கும் ஆலோசகராக என்னைச் சேர்த்துக்கொண்டான். நான் அந்தப் பயணத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நிரோஷனின் கதையில் ஒருவர் செத்துப்போனார்.

"ஒருத்தரும் சாகலடா. மூணு பேரும் உயிரோட வந்தாங்க."

"யாராச்சும் செத்தாத்தான் சனம் அழும்ணே."

"நடந்தது நடந்தபடி இருக்கணும். இல்லாட்டி என் பெயரப் போடாத."

இப்படி மூச்சுக்கு மூச்சு உண்மை, உண்மை என்று பேசியவன் நான். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

விண்கலத் தளபதியாக நடிக்க இருந்தவன் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஆலோசகர் தளபதியானார். (தளபதிக்குத் தொப்பை இருக்கக் கூடாது என்று வரலாற்றில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்தேன்.) மற்ற இருவர்: ஆட்டோ ஓட்டும் பிரபா, தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் குகன் சேர். குகன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து, குளிருக்குப் பயந்து, எதைக் கொடுத்தாலும் போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தார். அதனால்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

உடுப்பு, கொரோனாக் காலத்தில் மிஞ்சிய வெள்ளை அங்கி. பளபளப்புக்கு, தேயிலைத் தூள் மூட்டைக்கு உள்ளே வரும் வெள்ளித் தாள். விண்வெளி வீரர் முதுகில் சுமக்கும் காற்றுப் பெட்டிக்கு, மருந்தடிக்கும் டாங்கி. குழாயும் அதிலேயே இருந்தது, வசதியாகப் போயிற்று. காலி டாங்கி ஆடுகிறது, பாரம் தெரியவில்லை என்று பிரபா மூன்றிலும் தண்ணீர் நிரப்பினான். ஹெல்மட்டுக்கும் அங்கிக்கும் இடையில் கழுத்துத் தெரிந்ததால், நிரோஷன் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி ஒட்டிவிட்டான். உண்மைப் பயணத்தில் காற்றுச் சுத்திகரிப்பு பழுதானபோது அந்த மூவரையும் காப்பாற்றியதில் டேப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

விண்கலத்துக்கு ஒரு பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி. பக்கவாட்டில் ஆள் நுழைய ஓட்டை வெட்டி, கல்லுமலைக்குக் கீழே ரோட்டோரம் படுக்கப் போட்டிருந்தோம். பிற்பகலில் அதை அணைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கடலில் வந்து விழும் காட்சியை எடுப்பதாகத் திட்டம்.

காலையில் எடுக்கவேண்டியது, வீரர்கள் ராக்கெட்டை நோக்கி நடந்துபோகும் காட்சி. நல்ல பனி. நிரோஷன் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மேல் ரோட்டில் போனை ஊன்றி வைத்திருந்தான். போவதற்கு முன் கட்டளை போட்டான்.

"மெதுவா நடங்க. நான் கை காட்டுற வரைக்கும் நிக்கக் கூடாது. யாரும் என்னா கேட்டாலும் பேசக் கூடாது. விண்வெளி வீரர் வழியில நின்னு கத பேச மாட்டாரு."

நடந்தோம். ஹெல்மட்டுக்குள் என் மூச்சே எனக்குப் பனியாகிவிட்டது. கண்ணாடி வழியாகத் தெரிந்ததெல்லாம் வெள்ளை, அதற்குள் கொஞ்சம் பச்சை. நாங்கள் நடந்த பாதை கல்லுமலை அடிவாரத்துக்குப் போகிறது. அங்கே வழக்கமான சண்டை முடிந்து, பெண்கள் கூடைகளோடு நின்றிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. வாரக்கணக்கில் வெள்ளை உடுப்பை எதிர்பார்த்து நிற்கிறவர்கள் முன்னால், பனியைக் கிழித்துக்கொண்டு, வெள்ளை உடுப்பில், தொப்பியோடு, மருந்து டாங்கியோடு மூன்று பேர் மெதுவாக நடந்து வருகிறோம். இதன் பொருள் பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. பாதுகாப்பு உடுப்பின் முழு விபரத்தையும் செய்தியில் எழுதியவனே நான்!

"வந்துட்டாங்கடியோவ்!" என்று ஒரு குரல்.

உடனே ஒரே ஆரவாரம். கைதட்டுகிறார்கள், குலவையிடுகிறார்கள். படப்பிடிப்புப் பார்க்கக் கூட்டம் கூடியிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? ராக்கெட்டுக்குப் போகிறவர்கள் சனத்தைப் பார்த்துக் கையசைப்பது வழக்கம் என்று படித்திருந்தேன். அசைத்தேன். நிதானமாக, தளபதிக்குரிய தோரணையோடு, வலது கையை உயர்த்தி அசைத்தேன். (இதை எழுதும்போது அந்தக் கையை உடைத்தால் என்ன என்று தோன்றுகிறது.)

ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்தார். கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். அது என் அம்மா.

"யாரு பெத்த புள்ளையோ! சாப்டியாப்பா? எந்த ஊரு?"

பேசக் கூடாது என்பது கட்டளை. தலையை ஆட்டினேன்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

இல்லை என்று ஆட்டினேன்.

"ஆகாதவன இப்படி அனுப்புறாங்களே, பாவிங்க. பாத்துப்பா. மரத்துக்கு அந்தப் பக்கமா ஏறு, இந்தப் பக்கம்தான் கூடு. ஒன்னும் கொட்டாம வா, சாமி."

அந்த ‘கூடு’ என்ற சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஹெல்மட்டுக்குள் வியர்த்தது. உடனே கழற்றிவிட்டு, "அம்மா, நான்தான்" என்று சொல்லக் கையைத் தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன். அப்போது அம்மா மரியாயி அக்கா பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நானும் ஒருத்தனப் பெத்து வச்சிருக்கேன், பேப்பர்ல எழுதுறான்னு. குளவியப் பத்தி நாலு வரி எழுதிட்டு, குளவியவே அடிச்சுக் கொன்ன மாதிரி போன் பண்ணுறான். ஆம்பளைன்னா இந்தா, இவன மாதிரி இருக்கணும்."

கை கீழே வந்துவிட்டது.

இதற்குள் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கும் ஆச்சரியம். ஆள் வருகிறது என்று தினமும் சொல்லிவந்தாரே தவிர, ஆள் உண்மையிலேயே வருவதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"மரத்துக்குக் கீழ நில்லுங்க. குழாய மேல தூக்கிப் பிடிங்க. ஆ, அப்பிடித்தான்!"

மூன்று பேரும் நின்றோம். குழாயைத் தூக்கினோம். ஒரு போன் கமராவைக் கண்டால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும் பழக்கம் மனிதனுக்கு எப்போது வந்ததோ தெரியவில்லை. படம் எடுத்தார். விரலால் போனில் ஏதோ தட்டினார். பிறகு பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"வேலை முடிஞ்சுது! தொரைக்குப் படம் போயிருச்சு! எல்லாரும் மலைக்கு ஏறுங்க!"

பனியில் கூடு கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததால் எடுத்தாகிவிட்டது என்று ஆகிவிட்டது. பெண்கள் கூடையை மாட்டத் தொடங்கினார்கள். முதல் ஆளாக அம்மா.

நான் கத்தினேன். "ஏறாதீங்க! கூடு இருக்கு!" ஹெல்மட்டுக்குள் கத்தியது எனக்கே காது அடைத்தது. வெளியில் ஒன்றும் போகவில்லை. ஹெல்மட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நிரோஷன் அப்படி ஒட்டியிருந்தான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நான் குதிப்பதைப் பார்த்த மரியாயி அக்கா, "மருந்து நெடி போல" என்று பரிதாபப்பட்டாராம்.

பிரபா வேறொரு முடிவுக்கு வந்திருந்தான். கைதட்டல் அவனுக்கு ஏறிவிட்டது. இவ்வளவு பேர் நம்பியிருக்கும்போது சும்மா நிற்பது அழகல்ல என்று, டாங்கியின் கைப்பிடியை ஆட்டி, மரத்தைப் பார்த்து அடித்தான். வெறும் தண்ணீர். நல்ல குறி.

மேலே ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியதுபோல் சத்தம் கேட்டது.

"படுங்கடி!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல். அடுத்த நொடி அங்கே ஒருவரும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு அடியில் அசையாமல் கிடந்தார்கள், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு. அசைந்துகொண்டிருந்தவர்கள் மலையிலேயே நாலு பேர்தான்: மூன்று விண்வெளி வீரர்கள், ஒரு கண்டாக்கு.

ஓடினோம். அங்கி நன்றாகத்தான் காத்தது, என்னைப் பொறுத்தவரை ஒரே ஓர் இடத்தைத் தவிர. அது குதித்தபோது தையல் விட்ட இடம். எந்த இடம் என்று எழுத இந்தப் பத்திரிகைத் தமிழில் கௌரவமான சொல் இல்லை. அதன்பிறகு சில நாட்கள் செய்திகளை நின்றுகொண்டே எழுதினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரோட்டோரம் கறுப்புத் தாங்கி கிடந்தது. ஒருவர் பின் ஒருவராக அதற்குள் பாய்ந்தோம். குகன் சேர் கடைசியாக வந்து ஓட்டையைச் சாக்கால் அடைத்தார். உண்மைப் பயணத்தில் இருவருக்கான கலத்தில் மூவர் நெருக்கிக்கொண்டு உயிர் பிழைத்தார்கள். எங்களுடையதில் மூவருக்கான தாங்கியில் நால்வர். நாலாமவர் கண்டாக்கு ஐயா. அவருக்குக் காதில் கொட்டியிருந்தது.

இருட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "நீங்க எந்தக் கம்பெனி ஆளுங்க?"

குகன் சேரின் ஹெல்மட்டுக்கு முன்கண்ணாடி கிடையாது. ஆகவே எங்களில் தெளிவாகப் பேசக்கூடியவர் அவர் மட்டும்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கழுத்துத் துண்டால் முகத்தை மூடியிருந்தார். துண்டை இறக்கினார்.

"நாங்கள் கொம்பனி இல்லை ஐயா. நாங்கள் நிலவுக்குப் போறம்."

கண்டாக்கு ஐயா கொட்டுப்படாத காதை அவர் பக்கம் திருப்பினார்.

"எங்க போறீங்க?"

"நிலவுக்கு. ஆனா இறங்கமாட்டம். திரும்பி வந்திடுவம்."

கண்டாக்கு ஐயா மெல்ல விலகி உட்காரப் பார்த்தார். இடமில்லை. குகன் சேர் படப்பிடிப்பு விஷயத்தை விளக்கிச் சொன்னார். கண்டாக்கு ஐயா தலையில் கைவைத்தார்.

"ஐயோ, படம் போயிருச்சே. ‘கூடு எடுத்தாச்சு’ன்னு எழுதிப் போட்டுட்டேனே."

"அழிச்சிருங்க" என்று நான் ஹெல்மட்டோடு அவர் நெற்றியில் முட்டிக்கொண்டு கத்தினேன்.

"தொரை பாத்துட்டாரு. நீலக் கோடு விழுந்துருச்சு." கொஞ்சம் யோசித்தார். "பாத்தாச்சுன்னா, எடுத்தாச்சு."

அவர் காது அப்போது ஒரு சின்ன ரொட்டி அளவுக்கு வீங்கியிருந்தது. தோட்ட நிர்வாகத்தின் உறுதியை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அந்தத் தாங்கிக்குள்தான்.

சத்தம் அடங்கியதும் பெண்கள் வந்து எங்களை வெளியே இழுத்தார்கள். அவர்களில் ஒருவரையும் கொட்டவில்லை. அம்மா என்னை ரோட்டோரம் உட்கார வைக்கப் பார்த்தார். (உட்கார முடியவில்லை.) "பயப்படாத தம்பி, பயப்படாத" என்றபடி கத்தியால் கழுத்து டேப்பை அறுத்தார். ஹெல்மட் கழன்றது.

அம்மா என்னைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ஒன்னயவாடா நான் கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டேன்?"

கல்லுமலை அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மரியாயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, ஆளு வரல" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். பனி விலகியிருந்தது. கூடு அங்கேதான் இருந்தது.

மறுநாள் பெரட்டில் நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். கூடு எடுத்தாகிவிட்டது, படம் இருக்கிறது, இனி கல்லுமலைக்குப் போகாதவர்கள் காரணமில்லாமல் வேலை மறுப்பவர்கள், அரைப்பேரும் கிடையாது. இதைச் சொன்னவர் காதில் கட்டோடு நின்ற அதே கண்டாக்கு.

"ஐயா, ஒங்களையே கொட்டிருச்சே" என்றிருக்கிறார் மரியாயி அக்கா.

"அது வேற குளவி."

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. என் செய்திக்கு நிர்வாகம் ஒரு மறுப்பு அனுப்பியது. தொழிலாளர் பாதுகாப்பில் நிர்வாகம் காட்டும் அக்கறை பற்றி நீண்ட கடிதம், கூடவே ஆதாரமாக அந்தப் படம். என் பத்திரிகை அதை வெளியிட்டது. என் செய்தி இராசி பலனுக்குக் கீழே ஒரு தீப்பெட்டி. மறுப்பு மூன்று பத்தி, வண்ணத்தில். ‘நவீன பாதுகாப்பு உடைகளுடன் குளவிக் கூட்டை அகற்றும் விசேட குழுவினர்’ என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். நான் குழாயை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு, என் செய்தி பொய் என்பதற்கு நானே சாட்சியாக நின்றேன்.

செய்தி ஆசிரியர் தொலைபேசியில் வந்தார். "என்ன தம்பி இது? படத்தோட மறுத்திருக்கிறாங்களே. நீங்க நேரில பாத்துத்தானே எழுதினீங்க?"

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். முகம் தெரியவில்லை. ஹட்டனில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சின்ன வருத்தம் தெரிவித்தால் என் பெயர் தப்பிவிடும். ஆனால் அந்தப் படம் உண்மையாக இருக்கிறவரை கூடு இல்லை. கூடு இல்லை என்றால் அம்மாவும் மரியாயி அக்காவும் நாளைக் காலை அந்த மரத்துக்குக் கீழே நிற்க வேண்டும்.

"ஐயா, படத்தில நடுவில நிக்கிறது நான்தான்."

"எதில நடுவில?"

முழுக்கதையையும் சொன்னேன். ஆசிரியர் கேட்டு முடித்தார். பிறகு, "ஒரு நிமிஷம், இத எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடுறன், முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். கொழும்பு அலுவலகம் முழுவதும் கேட்டது. அச்சுப் பிரிவிலிருந்துகூட ஆள் வந்ததாகப் பிறகு அறிந்தேன்.

இரண்டு நாளில் திருத்தம் வெளியானது. அதை நானே எழுதினேன், வேறொருவர் எழுதினால் தகவல் பிழை வரும் என்று. ‘வெளியான புகைப்படத்தில் காணப்படுவோர் குளவிக் கூட்டை அகற்றும் விசேட குழுவினர் அல்லர், விண்வெளி வீரர்கள் என்பதை அறியத்தருகிறோம். கூடு முன்பே இருந்த இடத்தில் இன்னும் இருக்கிறது.’ ‘முன்பே’ இந்த முறை வெட்டப்படவில்லை. என் பத்திரிகை வாழ்க்கையில் அதிகம் பேர் வாசித்த எழுத்து இன்றுவரை அதுதான். என் பெயர் போடவில்லை. தேவைப்படவும் இல்லை.

அடுத்த வாரம் உண்மையான ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர். இடுப்பில் சாரம், காலில் செருப்பு, காதில் பஞ்சு, கையில் எண்ணெய்த் துணி சுற்றிய தடி. வெள்ளை உடுப்பு எங்கே என்று கேட்டதற்கு, "என்னா உடுப்பு?" என்றார்களாம். பெண்கள் நம்பவில்லை. ரோட்டை மறித்து நின்றார்கள்.

"சட்டகூடப் போடாதவங்களக் கொண்டாந்து ஏமாத்துறீங்களா? அன்னைக்கி வந்தவங்களக் கூட்டிட்டு வாங்க!"

"அன்னைக்கி வந்தது நடிகருங்கம்மா!" என்று கண்டாக்கு கதறியிருக்கிறார்.

"நடிச்சவங்களே தொப்பி போட்டு வந்தாங்கல்ல? இவங்க உசுருன்னா எளக்காரமா? அவங்களுக்கும் உடுப்புக் குடுங்க, பொறகு மரத்துல ஏறட்டும்."

இதைச் சொன்னது என் அம்மா. கடைசியில் எங்கள் அங்கிகளையும் ஹெல்மட்டுகளையும்தான் கேட்டு வாங்கிப் போனார்கள். கிழிந்த இடத்தை டேப்பால் ஒட்டிக் கொடுத்தேன். கூடு போனது. பெண்கள் கல்லுமலைக்கு ஏறினார்கள், முழுப்பேருக்கு.

நிரோஷனின் படமும் முடிந்தது. நாங்கள் ஓடியதையும் அவன் விடாமல் எடுத்திருந்தான். ‘கலத்தில் கோளாறு’ என்ற காட்சியில் அதைச் சேர்த்துவிட்டான். போட்டியில் ஆறுதல் பரிசு. நடுவர்களில் ஒருவர் தளபதியின் நடிப்பில் உண்மையான வலி தெரிந்தது என்று பாராட்டினாராம். ஆலோசகர் என்று என் பெயரைப் போட வேண்டாம் என்றேன். போட்டிருந்தான்.

எனக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா சொன்ன முதல் கதையே இதுதான். லயத்து வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அந்தப் பத்திரிகைத் துண்டு சட்டம் போட்டுத் தொங்குகிறது. நான் ஹட்டனுக்குப் புறப்படும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று, "ஒன்னும் கொட்டாம வா, சாமி" என்பார். என் மனைவியும் அதைப் பழகிக்கொண்டாள்.

இதெல்லாம் குடும்பத்துக்குள் இருந்துவிட்டால் பரவாயில்லை. சென்ற மாதம் திம்புள்ளப் பக்கம் வேறொரு தோட்டத்தில் குளவிப் பிரச்சினை. பெண்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். நான் எழுதினேன். அந்தத் தோட்டத்திலிருந்து படத்தோடு மறுப்பு வந்தது. படத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். தலையில் வெள்ளை ஹெல்மட். நடுவில் இருப்பவருக்குத் தொப்பை.

படம் கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கெங்கே எத்தனை கூடுகளை நான் இப்படி எடுத்து முடித்திருக்கிறேனோ, எனக்கே தெரியாது. ஆத்திரத்தோடு அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"திம்புள்ளயிலயும் வேல செஞ்சிருக்கியா?" என்றார். "சரி, போன் பண்ணி நீதான்னு சொல்லு. அங்க இருக்கிற பொம்பளைங்க இந்நேரம் கூடைய மாட்டியிருப்பாங்க."